கான்ராடின் 'இரகசிய முகவர்': சதியில் சிக்கிய எளிய குடும்பம் – ஒரு நோக்கு

முன்னுரை

பயங்கரவாதச் சதியைப் பொருளாகக் கொண்ட பரபரப்புப் புதினங்களில் மூன்று தரப்பினர் இடம்பெறுவர். சதி செய்வோர் ஒரு தரப்பினர். அவர்களைத் தேடிப் பிடிப்போர் மற்றொரு தரப்பினர். இவ்விரு தரப்பினருக்கும் இடையே அகப்பட்டுக்கொள்ளும் எளிய மக்கள் மூன்றாம் தரப்பினர். இவ்வகைப் புதினங்களுள் பல, முதல் இரு தரப்பினரிடையே நிகழும் போட்டியையே கதையாக்குகின்றன. மூன்றாம் தரப்பினர், இறந்தோர் என்றும் காயமுற்றோர் என்றும் வெறும் எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுகின்றனர். மர்மப் புதினங்களையும் துப்பறியும் புதினங்களையும் பொழுதுபோக்கு நூல்கள் என ஒதுக்கிவைக்கும் போக்கு நம்மிடையே நிலவுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வகை நூல்களால் தமிழ்ப் புதினத்திற்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தனர். ஆயினும், அந்நூல்கள் இலக்கிய வகுப்புகளில் எடுத்துப் பேசப்படுவது அரிதாகவே உள்ளது.

இதே காலப்பகுதியில் ஆங்கிலத்தில் வெளிவந்த ஒரு நூல், பரபரப்புப் புதினத்தின் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் நடுவில் மூன்றாம் தரப்பினரை நிறுத்தியது. ஜோசப் கான்ராட் எழுதி 1907ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த 'தி சீக்ரெட் ஏஜெண்ட்' என்பதே அந்நூலாகும். இதனை 'இரகசிய முகவர்' எனத் தமிழில் வழங்கலாம். கான்ராட் நம் வட்டாரத்திற்கு அயலானவர் அல்லர். 1887ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு போர்னியோ, சுலாவெசிக் கரையோரங்களுக்குச் சென்றுவந்த 'விடார்' என்னும் நீராவிக் கப்பலில் அவர் பணியாற்றினார். 'ஆல்மேயர்ஸ் ஃபாலி', 'லார்ட் ஜிம்' ஆகிய புதினங்களால் மலாய்த் தீவுக்கூட்டத்தை எழுதியவர் என்றே அவரை நாம் அறிவோம். அவரது இலண்டன் புதினமோ நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. இப்புதினத்தில் எளிய மக்கள் எவ்வாறு சதியின் மையமாக அமைகின்றனர் என்பதையும், கதை சொல்லும் முறை அதற்கு எவ்வாறு துணைபுரிகின்றது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

வரலாற்றுப் பின்னணி

1867ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளில், பேரழிவு விளைவிக்கும் வெடிபொருள் ஒரு தனிமனிதனின் சட்டைப்பைக்குள் அடங்கும் பொருளாயிற்று. 1881 முதல் 1885 வரை அயர்லாந்து விடுதலை கோரிய ஃபீனியர் இயக்கத்தினர் இலண்டனிலும் பிற நகரங்களிலும் குண்டுகளை வெடித்தனர். 1883ஆம் ஆண்டில் இலண்டன் காவல்துறையில் இதற்கெனத் தனிப்பிரிவு ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. 1893 நவம்பரில் பார்சலோனா நகரின் லிசேயு நாடக அரங்கிலும், அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸ் நகரில் பிரெஞ்சு நாடாளுமன்றத்திலும் அரசின்மைவாதிகள் குண்டு வீசினர். 1894 பிப்ரவரி 12ஆம் நாள் எமில் ஆன்ரி என்பவர் பாரிஸ் நகரில் ஓர் உணவகத்தில் குண்டு வீசினார்.

அதற்கு மூன்று நாள்கள் கழித்து, 1894 பிப்ரவரி 15ஆம் நாள் மாலையில், இலண்டனின் கிரீனிச் பூங்காவில் அரச வானாய்வகத்திற்கு அருகில் ஒரு குண்டு வெடித்தது. அதனைச் சுமந்து சென்ற மார்சியல் பூர்தின் என்னும் 26 வயதுப் பிரெஞ்சுத் தையல் தொழிலாளி படுகாயமுற்றுச் சற்று நேரத்தில் மருத்துவமனையில் இறந்தார். வானாய்வகக் கட்டடத்திற்கு எச்சேதமும் ஏற்படவில்லை. அவர் ஏன் அங்குச் சென்றார் என்பது இன்றளவும் தெளிவாகவில்லை. அவருடைய மைத்துனர் காவல்துறையோடு தொடர்புடையவர் என்ற பேச்சு அரசின்மைவாதிகளிடையே எழுந்தது.

1920ஆம் ஆண்டில் இப்புதினத்திற்கு எழுதிய குறிப்பில், நண்பர் ஒருவர் தற்செயலாகச் சொன்ன சொற்களே தம் கதைக்கு வித்தாயின என்று கான்ராட் குறிப்பிடுகின்றார். இறந்தவன் அறிவு வளர்ச்சி குன்றியவன் என்றும், அவன் சகோதரி பின்னர்த் தற்கொலை செய்துகொண்டாள் என்றும் அந்நண்பர் கூறினாராம். இதனை வரலாறாகக் கொள்ளுதல் கூடாது. எனினும், உலகம் குண்டையும் வானாய்வகத்தையும் பேசிக்கொண்டிருக்க, கான்ராடின் மனம் அச்சகோதரியிடம் சென்று நின்றது என்பது நாம் கருத்தில் கொள்ளத்தக்கது.

கான்ராடின் சொந்த வாழ்வும் இங்கு நினைக்கத்தக்கது. போலந்து விடுதலைக்கு உழைத்த அவருடைய தந்தையை 1861ஆம் ஆண்டில் ரஷ்யப் பேரரசு கைது செய்தது. மறு ஆண்டு குடும்பம் முழுவதும் வடக்கே வொலக்டா நகருக்கு நாடுகடத்தப்பட்டது. அப்போது கான்ராடுக்கு வயது நான்கு. 1865இல் தாயையும் 1869இல் தந்தையையும் அவர் இழந்தார். பெரியோரின் அரசியல், ஒரு வீட்டின் சிறுவனை எவ்வாறு வந்தடையும் என்பதை அவர் நூல்களிலிருந்து கற்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

கதைச் சுருக்கம்

வெர்லாக் என்பவர் இலண்டனின் சோஹோ பகுதியில் பிரெட் தெருவில் ஒரு சிறு கடை நடத்துகின்றார். வெளிப்பார்வைக்கு அவர் கடைக்காரர்; அரசின்மைவாதிகளுக்கு அவர் தோழர்; அயல்நாட்டுத் தூதரகம் ஒன்றுக்குக் கூலிபெறும் உளவாளி; காவல் தலைமை ஆய்வாளர் ஹீட்டுக்கு இரகசியமாகத் துப்புக் கொடுப்பவர். அவ்வீட்டில் அவருடைய மனைவி வின்னி, வின்னியின் தம்பி ஸ்டீவி, அவர்களுடைய விதவைத் தாய் ஆகியோர் வாழ்கின்றனர். ஸ்டீவி அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞன். பிற உயிர் படும் துன்பத்தைக் காணப் பொறாதவன்.

தூதரகத்தின் புதிய செயலாளரான விளாதிமிர், வெர்லாக் வாங்கும் ஊதியத்திற்கு ஏற்ற வேலை செய்யவில்லை எனக் கடிந்துகொள்கின்றார். கிரீனிச் வானாய்வகத்தைக் குண்டு வைத்துத் தாக்குமாறு அவர் பணிக்கின்றார். அப்பழி அரசின்மைவாதிகள் மீது விழும். இங்கிலாந்து அரசியல் அகதிகளுக்கு இடம் தருவதை நிறுத்தும் என்பது அவர் கணக்கு. 1884ஆம் ஆண்டில் 25 நாடுகள் வாஷிங்டனில் கூடி, உலகின் முதன்மைத் தீர்க்கரேகையாகக் கிரீனிச் வழிச் செல்லும் கோட்டைத் தெரிந்தெடுத்தன. கதை நிகழும் காலம் 1886ஆம் ஆண்டு. ஆதலின், நடுத்தர வகுப்பினர் போற்றும் அறிவியலையே தாக்கினால்தான் அவர்கள் அஞ்சுவர் என்னும் விளாதிமிரின் வாதம் பொருளுடையதாகின்றது.

வெர்லாக் குண்டைச் ஸ்டீவியின் கையில் கொடுத்து அனுப்புகின்றார். பூங்காவில் மரவேர் தடுக்கி ஸ்டீவி விழ, குண்டு வெடிக்கின்றது. தம்பி இறந்த செய்தியை அறியும் வின்னி, கணவனைக் கத்தியால் குத்திக் கொல்கின்றாள். தப்பியோட உதவுவதாகச் சொன்ன ஒஸ்ஸிப்பன் என்னும் தோழன் அவளுடைய பணத்தைப் பறித்துக்கொண்டு இரயிலிலிருந்து குதித்துவிடுகின்றான். ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பலிலிருந்து வின்னி கடலில் பாய்ந்து உயிர்விடுகின்றாள்.

நிகழ்ச்சி வரிசையும் அறிதல் வரிசையும்

இக்கதையில் குண்டுவெடிப்பு நேரடியாக எங்கும் விவரிக்கப்படவில்லை. மூன்றாம் இயலின் இறுதியில் வெர்லாக் உறக்கமின்றித் தவிக்கின்றார். நான்காம் இயல் தொடங்கும்போது குண்டு வெடித்து முடிந்துவிட்டது. ஓர் உணவகத்தில் இருவர் அதனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றனர். இறந்தவர் வெர்லாக் என்றே அவ்விருவரும் கருதுகின்றனர். ஐந்தாம் இயலில் ஆய்வாளர் ஹீட், மருத்துவமனையில் சிதைந்த உடலைப் பார்வையிட்டு, அதிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்துக்கொள்கின்றார். அத்துண்டில் தைக்கப்பட்டிருந்த பட்டையில் '32, பிரெட் தெரு' என்னும் முகவரி மையால் எழுதப்பட்டிருந்தது என்பது பின்னர்த் தெரியவருகின்றது.

எட்டாம் இயலில் கதை பின்னோக்கிச் செல்கின்றது. தாய் வீட்டைவிட்டு ஆதரவற்றோர் இல்லத்திற்குச் செல்லும் நாள் அது. தாயும் மக்களும் ஒரு வாடகைக் குதிரை வண்டியில் செல்கின்றனர். மெலிந்த குதிரையை வண்டிக்காரர் சவுக்கால் அடிக்க, ஸ்டீவி தாங்க மாட்டாமல் வண்டியிலிருந்து இறங்கி நடக்கின்றான். பின்னர், அவ்வண்டிக்காரருக்கும் பசித்த பிள்ளைகள் உண்டு என்பதை அறிந்து, குதிரைக்காகவும் அவருக்காகவும் ஒருங்கே வருந்துகின்றான். இவ்வியலைப் படிக்கும் வாசகர், இறந்தவன் யாராக இருக்கக்கூடும் என்பதை ஏறத்தாழ உணர்ந்துவிடுகின்றார். வின்னி அறியாததை அவர் அறிவார். ஸ்டீவியின் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வோர் அசைவும் இதனால் வேறொரு கனத்தைப் பெறுகின்றன.

பொதுவான பரபரப்புப் புதினத்தில் 'குண்டு வெடிக்குமா?' என்னும் வினா வாசகரை இழுத்துச் செல்லும். இங்கு அவ்வினா நான்காம் இயலிலேயே முடிந்துவிடுகின்றது. எஞ்சி நிற்கும் வினா, 'வின்னிக்கு எப்போது தெரியும்?' என்பதாகும். உணவகத்தில் பேசுவோர், காவல் ஆய்வாளர், துணை ஆணையர், உள்துறை அமைச்சர், வாசகர் ஆகிய அனைவரும் தத்தம் அளவில் அறிந்த பின்னரே அவள் அறிகின்றாள். அதுவும் யாரும் அவளிடம் சொல்லி அவள் அறியவில்லை. ஹீட் காட்டும் துணிப்பட்டை தான் தைத்தது என்று அவளே அடையாளம் சொல்கின்றாள். பின்னர்க் கணவனும் ஆய்வாளரும் பேசுவதைக் கதவின் பின்னிருந்து கேட்டுத் தெரிந்துகொள்கின்றாள். யாருடைய வாழ்வு குலைந்ததோ அவருக்கே செய்தி கடைசியாகச் சென்று சேர்கின்றது. இப்புதினம் எளியோரை இனங்காட்டும் வழி இதுவே எனலாம். செல்வமின்மையோ கல்வியின்மையோ மட்டும் அவர்களை எளியோராக்கவில்லை. தம்மைப் பற்றிய முடிவுகள் தமக்குச் சொல்லப்படாமையே அவர்களை எளியோராக்குகின்றது.

அன்பே சதிக்குப் படியாதல்

கதை நிகழ்வுகளைக் கூர்ந்து நோக்கினால், ஸ்டீவியைக் குண்டுக்கு அருகில் கொண்டுசென்றவை பெரும்பாலும் அன்பினால் விளைந்த செயல்கள் என்பது புலனாகும். வின்னி தான் விரும்பிய இளைஞனைத் துறந்து வெர்லாக்கை மணந்தது, தம்பிக்கு ஒரு வீடு வேண்டும் என்பதற்காக. மகன் மருமகனுக்குப் பாரமாகிவிடக் கூடாது, தானும் உடனிருந்து அப்பாரத்தைக் கூட்டக் கூடாது என்றெண்ணியே தாய் வீட்டைவிட்டு வெளியேறுகின்றாள். அவள் சென்ற பின், கணவனுக்கும் தம்பிக்கும் நெருக்கம் உண்டாக வேண்டும் என்று விரும்பி, வெளியே செல்லும்போது ஸ்டீவியையும் அழைத்துச் செல்லுமாறு வின்னி வெர்லாக்கை வேண்டுகின்றாள். இருவரும் சேர்ந்து நடப்பதைத் தந்தையும் மகனும் போலக் கண்டு மகிழ்கின்றாள். வழி தவறிவிடும் இயல்புடையவன் என்பதால் அவனது மேலங்கியில் முகவரியைத் தைத்துவைக்கின்றாள். வெர்லாக்கைக் காட்டிக்கொடுத்ததும், ஹீட்டை அவ்வீட்டு வாயிலுக்கு அழைத்துவந்ததும் அம்முகவரியே.

ஸ்டீவியின் இரக்கமும் இவ்வாறே பயன்படுத்தப்படுகின்றது. அவன் ஓர் அலுவலகத்தில் ஏவலாளாக இருந்த காலத்தில், உடன் வேலை செய்த பையன்கள் கொடுமைகளையும் அநீதிகளையும் பற்றிச் சொன்ன கதைகளைக் கேட்டு மனம் கொதித்து, படிக்கட்டில் வாணங்களைக் கொளுத்தி வேலையை இழந்தான் என்று தொடக்கத்திலேயே சொல்லப்படுகின்றது. பிறர் துன்பம் பொறாத அவ்வுள்ளத்தை இயக்குவது எத்துணை எளிது என்பதை வெர்லாக் பின்னர்க் கண்டுகொள்கின்றார். கொள்கை பேசும் தோழர்கள் எவரும் செயலில் இறங்கவில்லை. கொள்கை அறியாத ஒருவனே இறங்குகின்றான்.

அகம், புறம் என்னும் பாகுபாட்டில் பயின்ற நமக்கு இவ்விடம் தனிக்கவனத்திற்குரியது. பகை, அரசு, ஆணை ஆகியன புறத்துக்குரியவை. மனை, உறவு, ஆற்றியிருத்தல் ஆகியன அகத்துக்குரியவை. சங்க மரபை இலண்டன் கதையின்மீது ஏற்றிக் கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், புறத்தின் ஆணை ஒன்று மனைக்குள் நுழைந்து, அம்மனையின் அன்பையே தனக்குக் கருவியாக்கிக்கொள்கின்றது என்று சொல்லும்போது இப்புதினத்தின் அமைப்பு நமக்கு எளிதில் விளங்குகின்றது. வெர்லாக் கொல்லப்படும் இடமும் போர்க்களம் போன்றதன்று. உணவு மேசை உள்ள அறை. அவர் இறைச்சியை அரிந்து உண்ட கத்தியே அவர் நெஞ்சில் பாய்கின்றது.

அதிகாரிகளின் கணக்கு

செய்தியை முன்னரே அறிந்தோர் அதனை என்ன செய்தனர் என்பதையும் காணுதல் வேண்டும். விடுதலை பெற்ற கைதியான மைக்கேலிஸ்மீது பழியைச் சுமத்த ஹீட் விரும்புகின்றார். அது எளிய வழி. தமக்குத் துப்புக் கொடுக்கும் வெர்லாக்கையும் அது காக்கும். துணை ஆணையரோ மைக்கேலிஸைக் காப்பாற்ற விரும்புகின்றார். மைக்கேலிஸை ஆதரிக்கும் சீமாட்டி அவர் மனைவிக்கு வேண்டியவர். அவரைப் பகைத்துக்கொண்டால் வீட்டில் அமைதி கெடும். விளாதிமிர் தம் நாட்டின் வெளியுறவுக் கொள்கையைக் கருதுகின்றார். அமைச்சர் விவரங்கள் வேண்டாம், சுருக்கம் போதும் என்கின்றார். இவர்களுள் எவரும் முழுத் தீயவர் அல்லர். துணை ஆணையர் உண்மையைக் கண்டறியவும் செய்கின்றார். ஒரு வகையில் பார்த்தால் இது குடும்பத்துள் நிகழ்ந்த துயரமே என்று அமைச்சரிடம் குறிப்பாகச் சொல்லவும் செய்கின்றார். அவ்வாறு சொன்ன பின்னும், அக்குடும்பத்துப் பெண்ணின் நிலை என்னவாயிற்று என்று விசாரிக்க எவரும் செல்லவில்லை.

இறுதியில் வின்னியின் சாவும் நாளிதழில் ஒரு சிறு செய்தியாகின்றது. பெயரறியாப் பெண்ணொருத்தியின் புதிரான முடிவு என அது எழுதப்படுகின்றது. ஒஸ்ஸிப்பன் ஒருவனுக்கே அதன் பொருள் தெரியும். அவனால் வாய் திறக்க இயலாது. துப்பறியும் கதை உண்மையை வெளிக்கொணர்ந்து முடிய வேண்டும் என்பது மரபு. இங்குத் துப்பு முழுமையாகத் துலங்கிவிட்டது; உண்மை மட்டும் வெளிவரவில்லை.

1936ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இக்கதையைத் தழுவி 'சபோடாஜ்' என்னும் திரைப்படத்தை இயக்கினார். அதே ஆண்டில் அவர் எடுத்த 'சீக்ரெட் ஏஜெண்ட்' என்னும் படம் சாமர்செட் மாமின் கதைகளைத் தழுவியது; பெயரொற்றுமையால் மயங்குதல் கூடாது. 'சபோடாஜ்' படத்தில் சிறுவன் குண்டைச் சுமந்து பேருந்தில் செல்வதை நாம் கண்முன் காண்கின்றோம், கடிகாரம் நகர்கின்றது, குண்டு வெடிக்கின்றது. கணவனைக் கொன்ற மனைவியோ, தன்னை விரும்பும் காவலரின் துணையால் காப்பாற்றப்படுகின்றாள். கான்ராட் மறைத்ததை ஹிட்ச்காக் காட்டினார். கான்ராட் மறுத்த மீட்பை அவர் வழங்கினார். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பயில்வது, பரபரப்பு என்பதன் இருவேறு வழிகளை மாணவர்க்கு விளக்க மிகவும் உதவும்.

மறுப்பும் விடையும்

கான்ராட் எளியோர்பால் இரக்கம் கொண்டு எழுதினார் என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. கதை முழுவதும் எள்ளல் தொனியே ஓங்கி நிற்கின்றது. அரசின்மைவாதிகள் உடல் பருத்தவராகவும் சோம்பேறிகளாகவும் கேலிச்சித்திரம் போல வரையப்பட்டுள்ளனர்; உழைப்பாளர் இயக்கத்தின் உண்மையான குறைபாடுகளுக்கு இதில் இடமில்லாதது போலவே, அதன் உண்மையான நியாயங்களுக்கும் இடமில்லை. வின்னியும் முற்றிலும் குற்றமற்றவள் அல்லள். எதனையும் ஆழ்ந்து நோக்காமல் இருப்பதே நல்லது என்பது அவள் வாழ்க்கைக் கொள்கை. கணவன் எங்குச் செல்கின்றான், கடைக்கு வருவோர் யாவர் என்று அவள் ஒருபோதும் வினவியதில்லை.

இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும், எள்ளல் எல்லார்மீதும் ஒரே அளவில் விழவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். ஆளை நோக்கிப் பிறவிக் குற்றவாளி எனத் தரம்பிரிக்கும் லொம்புரோசோவின் கோட்பாட்டைப் பின்பற்றி, ஸ்டீவியைச் சீரழிந்த பிறவி என்று ஒஸ்ஸிப்பன் முத்திரை குத்துகின்றான். அதே ஒஸ்ஸிப்பன் ஒரு பெண்ணின் பணத்தைத் திருடித் தப்பியோடுகின்றான். யார் சீரழிந்தவர் என்னும் வினாவைக் கதை அவன்மீதே திருப்பிவிடுகின்றது. வின்னியின் நோக்காமையும் தனி ஒருத்தியின் குறையன்று. தலைமை ஆய்வாளர் முதல் அமைச்சர் வரை அனைவரும் தமக்கு வேண்டாதவற்றை நோக்காமலேயே விடுகின்றனர். அவள் அதற்குக் கொடுத்த விலை மட்டுமே வேறு.

முடிவுரை

2001 செப்டம்பர் 11ஆம் நாள் தாக்குதலுக்குப் பின் இப்புதினம் மேலைநாட்டு இதழ்களில் மீண்டும் மீண்டும் சுட்டப்பட்டது. எந்நேரமும் வெடிபொருளைச் சட்டைப்பையில் சுமந்து திரியும் 'பேராசிரியர்' என்னும் பாத்திரத்தையே அவர்களுள் பலர் முன்னிறுத்தினர். வருங்காலத்தை முன்னுணர்ந்த நூல் என்று பாராட்டினர். அப்பாராட்டு தவறன்று. எனினும், அது நம்மை மீண்டும் முதல் தரப்பினரிடமே கொண்டுபோய் நிறுத்துகின்றது.

இப்புதினத்தைக் கற்பிக்கும்போது, 'யார் செய்தார்?' என்னும் வினாவோடு 'யாருக்குச் சொல்லப்படவில்லை?' என்னும் வினாவையும் மாணவரிடம் எழுப்புதல் வேண்டும் என்பது நம் கருத்தாகும். முதல் வினாவுக்கு விடை காவல்துறைக் கோப்பில் கிடைத்துவிடும். இரண்டாம் வினாவுக்கு விடை தேடும்போதுதான் ஒரு வீடும், அதிலிருந்த தாயும் மகளும் மகனும் நம் கண்ணுக்குத் தெரிகின்றனர். பரபரப்புப் புதினம் என்னும் வகைமையால் இதுவும் இயலும் என்பதற்குக் கான்ராடின் நூல் சான்றாக நிற்கின்றது. தமிழில் எழுதப்பட்ட மர்மப் புதினங்களையும் இவ்வினாவோடு மீண்டும் ஒருமுறை அணுகிப் பார்த்தல் பயனுடைய முயற்சியாக அமையும்.